லேபிளை நம்பாத அக்கா

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அது நான்தான்னு நீயா எப்டி முடிவு கட்டின?" என்று என்னிடமே சண்டைக்கு வருவார். வரக்கூடிய ஆள்தான். வகுப்பில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. உயிரித் தகவலியல் படித்தோம். மொத்தம் பதினாறு பேர். பதினைந்து பேர் அப்போதுதான் இளங்கலை முடித்துவிட்டு வந்த பிள்ளைகள். பதினாறாவது ஆள் அக்கா. வயது முப்பத்தொன்று, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் உண்டு, ஊர் பாரிவாக்கம். அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருஷம் ரத்தம் எடுத்துக் குழாயில் லேபிள் ஒட்டிய கை அது. அவருடைய அம்மா நாற்று நட்ட வயலில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வருத்தமா இல்லையா அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "அது அப்பவும் நம்மளுது இல்ல, இப்பவும் நம்மளுது இல்ல. இதுல இன்னா வருத்தம்?" என்றார். இப்படித்தான் பேசுவார். ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா எங்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். டாக்டர் படிப்பா என்றார். இல்லை. அப்போ கம்ப்யூட்டரா? அதுவும்தான், ஆனால் இல்லை. நான் இழுத்துக்கொண்டே போக, அக்கா குறுக்கே புகுந்தார். "ஒடம்புக்குள்ள எயுதி வச்சிகீற எயுத்த கம்ப்யூட்டர்ல போட்டுப் படிக்கிறதும்மா. யார் எயுதினாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால ரெண்டு வாட்டி படிக்கணும்." அந்த அம்மா தலையாட்டினார். ரெண்டு வருஷம் படித்த எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல இன்றுவரை வரவில்லை.

அந்த 'ரெண்டு வாட்டி'தான் அக்கா. எழுதியிருப்பதை நம்ப மாட்டார். கேன்டீனில் பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வார். வருகைப் பதிவேடு கைக்கு வந்தால் தன் பேருக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் நிஜமாகவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். இதனால் எத்தனை பேருடைய வருகைப்பதிவு போயிற்று என்று எங்கள் வகுப்புப் பையன்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

முதல் பருவத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டையில் ரத்த வகை அச்சிட்டிருந்தது. நாங்கள் என்ன சொன்னோமோ அதை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த யாரு பாத்தாங்க?" என்றார். யாரும் பார்க்கவில்லை, நாங்களே சொன்னோம் என்றோம். "நீங்க யாரக் கேட்டு சொன்னீங்க?" மறுநாள் தான் வேலை பார்த்த இடத்தில் கேட்டு வாங்கிய மூன்று சின்ன மருந்து புட்டிகளோடும், ஊசிகளோடும் வந்து நின்றார். மதிய இடைவேளையில் பதினைந்து பேர் விரலையும் குத்தினார். நான் பிறந்ததிலிருந்து பி பாசிட்டிவ். அதை ஏதோ நான் சம்பாதித்த பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவள். கண்ணாடித் துண்டில் என் ரத்தம் 'பி' மருந்தோடு சேர்ந்து திரளவே இல்லை. ரெண்டாவது முறை குத்தினார். அப்போதும் இல்லை. "ஓ பாசிட்டிவ்டி. பி-யும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார்.

முகப்பேரில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "ஏசப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தார். அப்பாவும் பி, அம்மாவும் பி. பெற்ற பிள்ளை ஓ என்றால் ஜெபக்கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை அக்கா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "ரெண்டு பி-க்கு ஓ பொறக்கும்மா, பயப்படாதீங்க. உங்க புள்ளதான்" என்று பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். அம்மா விடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்தது, எப்படித் தப்பாகும் என்றார். "அன்னிக்கு எயுதினது யாரு, உங்களுக்குத் தெரியுமாம்மா? அவங்க பின்னாடி எத்தினி பேரு லைன்ல நின்னாங்கன்னு தெரியுமா?" அம்மா காபி போட எழுந்து போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவருக்கு 'ரத்தக்காரப் பொண்ணு' என்று பேர். சொல்லும்போது அம்மா குரலில் கொஞ்சம் பயமும் இருக்கும்.

பழைய வேலையைப் பற்றி ஒரு கதை சொல்வார். ஒரே காலையில் முருகேசன் என்று ரெண்டு பெரியவர்களின் ரத்தம் வந்திருக்கிறது. ஒருவர் ஆவடி, இன்னொருவர் திருமுல்லைவாயல், வயதும் கிட்டத்தட்ட ஒன்று. எந்தக் குழாய் யாருடையது என்று சந்தேகம் வந்துவிட்டது. மேலாளர், "ரெண்டும் கெழவங்கதானம்மா, ஏதோ ஒண்ண ஒட்டி அனுப்பு" என்றாராம். அக்கா ரெண்டு குழாயையும் கொட்டிவிட்டு, வெயிலில் ரெண்டு ஊருக்கும் போய், ஆளிடமே பேர் கேட்டு, மறுபடி எடுத்து வந்திருக்கிறார். மேலாளர் எல்லார் முன்னாலும் கத்தினாராம். "கடைசியில என்னக்கா வந்துச்சு?" என்று நான் ஆர்வமாகக் கேட்டேன். ஒருவருக்குப் பெரிய வியாதி இருந்திருக்கும், அக்கா உயிரைக் காப்பாற்றியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் நார்மலு" என்றார். அப்போ வீண் அலைச்சல்தானே? என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது எடுத்தப்புறம்தானடி தெரியும்?"

நான் இதற்கு நேரெதிர். கணினியில் என் விரல் பறக்கும். அக்கா ஒரு மணி நேரம் முட்டி மோதுவதை நான் பத்து நிமிஷத்தில் எழுதி ஓட்டிவிடுவேன். முதல் பருவத்திலிருந்து முதல் ரேங்க், சாருக்குச் செல்லப்பிள்ளை. அக்கா விடைகளைத் தாளில் அச்செடுத்து பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போடுவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். "உனுக்கு கை ஸ்பீடா கீது. கண்ணு எங்க கீதுன்னுதான் தெரியல" என்பார். அதற்கும் சிரித்திருக்கிறேன்.

கடைசிப் பருவத்தில் எங்கள் ரெண்டு பேருக்கும் அதே சார்தான் வழிகாட்டி, ஒரே தரவு. நகரத்தில் ஒரு மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிகளிடம் ரத்தம் எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நோயாளியோடும் துணைக்கு வந்த புருஷனோ பெண்டாட்டியோ அண்ணனோ, நோய் இல்லாதவர் ஒருவரிடமும் எடுத்திருந்தார்கள். நோயாளி, துணை, நோயாளி, துணை என்று நாற்பது குழாய். எந்த மரபணு யார் ரத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு கோப்பாக வந்தது. எந்தக் குழாய் யாருடையது என்பது மருத்துவமனை நோட்டின் நகலாக வந்தது. மருத்துவமனைக்குப் போய்க் குழாய்களின் லேபிளைச் சரிபார்த்து வந்தவர் அக்கா. நோட்டைப் பார்த்துக் கணினியில் அட்டவணை தட்டியவள் நான்.

அப்பட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் எண் நோயாளிக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்ததால் அவர் நோட்டில் கடைசி வரியில் இருந்தார். ஒன்று, ரெண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று போனது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. எண்களை வரிசைப்படுத்தினேன். எண் இருந்த நெடுவரிசையை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினேன். 'பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நகர்த்தட்டுமா?' என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது. படிக்காமல் 'வேண்டாம்' என்பதைத் தட்டிவிட்டேன். எண்கள் மட்டும் நகர்ந்தன. ஆள் நோயாளியா, துணையா, ஆணா, பெண்ணா என்ற விவரமெல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஐந்திலிருந்து நாற்பது வரை ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளின் விவரம். நோயாளியெல்லாம் துணை ஆனார்கள், துணையெல்லாம் நோயாளி ஆனார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் முடிவு அவ்வளவு அழகாக வந்தது. ஒரு மரபணு நோயாளிகளிடம் விழுந்து கிடக்கிறது, நோய் இல்லாதவர்களிடம் எழுந்து நிற்கிறது, ஆக அது நம்மைக் காக்கிற மரபணு என்று எழுதினோம். உண்மை அப்படியே தலைகீழ். சார் குளிர்ந்துபோனார். ஒரு கருத்தரங்கில் சுவரொட்டியாக வைத்து பரிசும் வாங்கினோம். மருத்துவமனை டாக்டர், அந்த மரபணுவைத் தூண்டிவிடும் ஒரு மாத்திரையை சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருந்தார். அக்காவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. ஜூன் மாதம் தேர்ச்சிச் சான்றிதழைக் காட்டினால் சேரலாம். மகளிடம்கூடச் சொல்லிவிட்டார்.

ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். புதன்கிழமை மதியம் கணினிக்கூடத்திலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"இங்க வா. இந்தாளு ஆம்பளயா பொம்பளயா?"

"அட்டவணையில ஆண்னு இருக்கேக்கா."

"அட்டவணயக் கேக்கல. ஆளக் கேக்கறேன்."

பெண் உடம்பில் மட்டும் சத்தமாகப் பேசுகிற ஒரு மரபணு உண்டு. ஆண் உடம்பில் மட்டும் பேசுகிறவையும் உண்டு. நோயைத் தேடும்போது அவை குறுக்கே வரும் என்று முதல் வேலையாக அவற்றைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். நாங்கள் கழித்துப் போட்டதை அக்கா குப்பையிலிருந்து எடுத்து விரித்து வைத்திருந்தார். ஆண் என்று எழுதியிருந்த இடத்தில் பெண். அடுத்தது பெண் என்று எழுதிய இடத்தில் ஆண். பென்சில் கீழே இறங்கிக்கொண்டே போனது. "ஆம்பளன்னு போட்ட எடத்துல பொம்பள ஒக்காந்துகினு கீறா. ஒண்ணு ரெண்டுன்னா செரி, வர்ச முச்சூடும் இப்டி கீதே" என்றார். பிறகு மருத்துவமனை நோட்டின் நகலை என் பக்கம் தள்ளினார். "அஞ்சாம் நம்பரு இதுல கடைசில கீது. உன் அட்டவணையில அஞ்சாவதா கீது. நடுவுல இன்னா நடந்துச்சு?"

திரையில் கேள்வி கேட்ட அந்தப் பெட்டி கண்முன் வந்து நின்றது. சொன்னேன். அக்கா திட்டவில்லை. "செரி. தப்பு யார் வேணா பண்ணுவாங்க. வா, சார்கிட்ட சொல்லு. திருப்பி ஓட்டினா ஒரு மணி நேர வேல" என்றார்.

சார் அறையில் அக்கா தாள்களைப் பரப்பினார். சார் பார்த்தார், முகம் கறுத்தது. "இந்த அட்டவணையை யார் போட்டது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே அக்கா பக்கம் திரும்பினார். "குழாய், லேபிள் எல்லாம் நீங்கதானே பார்த்தீங்க? உங்க குழப்பமா இது?" அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இதைப் படித்துவிட்டு யாராவது, பாவம் சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பயமெல்லாம் இல்லை. முதல் ரேங்க் போய்விடுமே என்ற கணக்குத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"அட்டவண தப்பு சார். சரி பண்ணி ஓட்டிடலாம்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

"பரிசு வாங்கியாச்சு, டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. ரெண்டு நாள்ல சப்மிட் பண்ணணும். உங்க குழப்பத்தை நம்பி நான் எல்லாத்தையும் மாத்தணுமா? இருக்கறதைக் கொடுங்க, அப்புறம் பார்க்கலாம்."

"அப்பறம்னா, அந்த மாத்திரைய முயுங்கனப்பறமா சார்?"

"மாத்தி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க சார்" என்று தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னைக் கேட்பார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். ஒன்றும் இல்லை. கணினிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வெள்ளிக்கிழமை தங்க எழுத்து பொறித்த கெட்டி அட்டையில் பொய்யைக் கட்டிக் கொடுத்தேன். சார் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு மேடம் தேர்வாளராக வந்திருந்தார். எனக்கு அருமையாகப் போனது. மேடம் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சார் முகத்தில் பெருமை. வெளியே வந்தேன். பெஞ்சில் அக்கா சுருள் கம்பி போட்ட ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிச்சா?"

"ம்."

"சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

எழுந்தார். "செரி. நவுரு, வழி உடு" என்று உள்ளே போனார்.

ஏசி ஓடாததால் கதவு திறந்தே கிடந்தது. கையெழுத்து எங்கே என்று மேடம் கேட்பது கேட்டது. "சார் போடல மேடம். முன்னாடி வந்த புள்ள சொன்னதும் நான் சொல்லப்போறதும் எதிரும் புதிருமா இருக்கும். எது கரீட்டுன்னு நீங்களே பாத்துக்கங்க." லேபிளைக் கலந்ததே இவர்தான் என்று சார் குறுக்கே பேசினார். யார் அட்டவணை போட்டது என்று மேடம் கேட்டார்.

"நான் இல்ல மேடம்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். அவங்களுக்கே வாய் கீது."

என் கால் எப்படி நகர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் நின்றேன். "நான்தான் மேடம் போட்டேன். நம்பரை மட்டும் வரிசைப்படுத்திட்டேன், பக்கத்துல இருந்ததெல்லாம் நகரல. என் ஆய்வேட்டுல இருக்கற முடிவு தலைகீழ். அக்கா சொல்றதுதான் சரி." ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், இப்ப என் ஸ்லைடு போடலாமா?" என்றார்.

நாற்பது நிமிஷம் பேசினார். மேடம் நோட்டின் நகலை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். அன்றைக்கே மருத்துவமனை டாக்டருக்குக் கடிதம் எழுதச் சொல்லி, சார் எழுதி அனுப்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விண்ணப்பம் நின்றது. என் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்து நவம்பரில் வரச் சொன்னார்கள். நியாயம்தான். அக்காவையும் நவம்பரில்தான் வரச் சொன்னார்கள். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாத ஆய்வேட்டை வாங்க விதியில் இடம் இல்லையாம். தப்பு செய்தவளுக்கும் ஆறு மாதம், பிடித்தவருக்கும் ஆறு மாதம். என்ன விதி இது என்று எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ் நிறுத்தத்தில் அக்கா கம்பெனிக்குப் போன் பேசினார். ரெண்டே நிமிஷம். ஜூனில் சான்றிதழ் வராது என்றார், எதிர்ப்பக்கம் சொன்னதைக் கேட்டார், சரிங்க என்று வைத்துவிட்டார். நான் அக்கா என்று ஆரம்பித்தேன்.

"பேசாத. அஞ்சு நாளு. புதன்கெயம சார் ரூம்ல நீ வாயத் தொறந்திருந்தா அன்னிக்கே ஓட்டி, வெள்ளிக்கெயம குடுத்துருக்கலாம். பஸ்ட்டு ரேங்க்கு சொன்னா சார் கேட்டிருப்பாரு. நான் சொன்னா குயப்பமாம். என் வேல போச்சு. உன்னாலதான் போச்சு. நீ இன்னிக்கு வந்து சொன்னதுக்கு நான் கட்டிப் புடிச்சி அயுவன்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

"கெட்ட கோவத்துல கீறேன். எத்தினி நாளைக்கின்னு எனுக்கே தெரியாது."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். கூட்டமே இல்லை. நான் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அந்தச் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கண்டக்டர் ஒருமுறை பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பூந்தமல்லி வரைக்கும் அக்கா பையை எடுக்கவில்லை.

பஸ் நின்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளிக்கு ஒம்போது மணிக்கு வந்துடு. நோட்டுல மொத வரிலேர்ந்து போவணும். நீ படி, நான் பாக்கறேன்."